சொந்த சபையின் லஞ்சத்தை எழுதி அம்பலப்படுத்திய இளம் எம்.எல்.ஏ... பிறகு என்ன நடந்தது? யார் இந்த பால் சைமன்?

2025 பிப்ரவரி மாதம். அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநில அரசியலைச் சுற்றி ஒரே வாரத்தில் இரண்டு பெரிய செய்திகள்.

ஒன்று, ஊழல் வழக்கில் சிறை சென்ற முன்னாள் ஆளுநர் ராட் பிளாகோயேவிச்சுக்கு அதிபர் டிரம்ப் முழு மன்னிப்பு வழங்கினார். இன்னொன்று, அந்த மாநிலத்தில் மொத்தம் 36 ஆண்டுகள் சபாநாயகராக இருந்த மைக்கேல் மடிகனை லஞ்ச வழக்கில் குற்றவாளி என்று நீதிமன்ற ஜூரி அறிவித்தது. சில மாதங்களில் அவருக்கு ஏழரை ஆண்டு சிறைத்தண்டனை, 25 லட்சம் டாலர் அபராதம்.

சிகாகோ நகரம் இருக்கும் மாநிலம்தான் இல்லினாய்ஸ். ஆபிரகாம் லிங்கன் அரசியல் பழகிய மண். ஒபாமா முதன்முதலில் ஜெயித்த மாநிலம். அதே மாநிலத்தில் 1960-களுக்குப் பிறகு ஆளுநராக இருந்தவர்களில் நான்கு பேர் சிறைக்குப் போயிருக்கிறார்கள்.

"இங்கே லஞ்சம் தனிமனிதப் பிரச்னை கிடையாது, சபையே இப்படித்தான் ஓடுகிறது" என்ற பொருளில் 1964-லேயே ஒருவர் எழுதினார். எழுதியவர் வெளியாள் இல்லை. அதே சபையில் உறுப்பினராக உட்கார்ந்திருந்தவர். பெயர் பால் சைமன். அவர் யார், என்ன எழுதினார், எழுதியதால் ஏதாவது மாறியதா? பார்க்கலாம்.

19 வயதில் பத்திரிகை ஓனர்!

1928-ல் ஓரிகன் மாநிலத்தில் பிறந்தவர் சைமன். அப்பா லூத்தரன் திருச்சபைப் போதகர். இரண்டாம் உலகப்போர் நேரத்தில், அமெரிக்காவில் வாழ்ந்த ஜப்பானிய வம்சாவளி மக்களை அரசு மொத்தமாகப் பிடித்து முகாம்களில் அடைத்தது. அதை வெளிப்படையாக எதிர்த்த வெகு சிலரில் சைமனின் அப்பாவும் ஒருவர். அப்போது சைமனுக்கு 13 வயது. அப்பாவால் நண்பர்கள் மத்தியில் சங்கடப்பட்டதாகவும், பிற்காலத்தில் அதை நினைத்துப் பெருமைப்பட்டதாகவும் அவரே சொல்லியிருக்கிறார்.

1948-ல், 19 வயதில், கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு இல்லினாய்ஸில் உள்ள ட்ராய் என்ற சின்ன ஊருக்கு வந்தார். மூடிக்கிடந்த உள்ளூர் வாரப் பத்திரிகையை, அந்த ஊர் லயன்ஸ் கிளப் உதவியோடு கடன் வாங்கி வாங்கினார். 'ட்ராய் ட்ரிப்யூன்' என்று பெயர் மாற்றி நடத்த ஆரம்பித்தார்.

ஊர் சின்னதுதான். ஆனால் அவர் தொட்ட விஷயம் பெருசு. ட்ராய் இருக்கும் மேடிசன் கவுண்டியில் சட்டவிரோத சூதாட்டமும் விபசார விடுதிகளும் அதிகாரிகள் கண்முன்னே நடந்துகொண்டிருந்தன. கண்டுகொள்ளாமல் இருந்த அதிகாரிகளை சைமன் பத்திரிகையில் கேள்வி கேட்டார். விவகாரம் ஆளுநர் அட்லாய் ஸ்டீவன்சன் வரைக்கும் போனது. மாநிலப் போலீஸ் ரெய்டு நடத்தியது.

1951-ல் அமெரிக்க செனட்டின் கெஃபாவர் கமிட்டி நாடு முழுக்க திட்டமிட்ட குற்றக் கும்பல்களை விசாரித்தது. அதன் முன் சாட்சி சொல்லப் போனபோது சைமனுக்கு வயது 22.

25 வயதில் எம்.எல்.ஏ

ராணுவத்தில் இரண்டு ஆண்டு இருந்துவிட்டுத் திரும்பியதும் 1954-ல் மாநிலப் பிரதிநிதிகள் சபைத் தேர்தலில் நின்றார். நம்ம ஊர் கணக்கில் எம்.எல்.ஏ தேர்தல். அவரது ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே உள்ளூர் பெரிய தலைகள் நிறுத்திய ஆட்களை வீழ்த்தி ஜெயித்தார். பட்டையான பிரேம் போட்ட கண்ணாடி, கழுத்தில் 'போ டை' என்று தலைநகர் ஸ்பிரிங்ஃபீல்டுக்குப் போய் இறங்கினார்.

போனதும் அவர் செய்த முதல் வேலைகளில் ஒன்று, தன்னுடைய வருமானக் கணக்கை ஆண்டுதோறும் பொதுவெளியில் வைத்தது. எந்தச் சட்டமும் அப்படிச் செய்யச் சொல்லவில்லை. 'நான் எங்கிருந்து சம்பாதிக்கிறேன் என்று ஓட்டுப் போட்டவனுக்குத் தெரியணும்' என்பது அவர் கணக்கு. அன்றைய அரசியலில் இது ரொம்பப் புதுசு.

அரசு அமைப்புகளின் கூட்டங்களை மூடிய கதவுக்குள் நடத்தாமல், மக்கள் பார்க்கும்படி நடத்த வேண்டும் என்ற சட்டத்துக்காகவும் உழைத்தார். 1960-ல் சக உறுப்பினர் ஜீன் ஹர்லியைத் திருமணம் செய்தார். 1962-ல் மாநில செனட்டுக்கு, அதாவது மேலவைக்குத் தேர்வானார்.

சபைக்குள் லஞ்சம் எப்படி ஓடியது?

1964 செப்டம்பரில் 'ஹார்ப்பர்ஸ்' என்ற தேசிய இதழில் பத்திரிகையாளர் ஆல்ஃபிரட் பாக்குடன் சேர்ந்து சைமன் ஒரு கட்டுரை வெளியிட்டார். தலைப்பே 'இல்லினாய்ஸ் சட்டமன்றம்: ஊழல் குறித்த ஓர் ஆய்வு'. அதில் அவர் வைத்த கணக்கு அதிர வைத்தது. சபை உறுப்பினர்களில் மூன்றில் ஒரு பங்கினர் பணம் வாங்குகிறார்கள் என்பது அவரது மதிப்பீடு.

பணம் எப்படிக் கைமாறும்? இல்லினாய்ஸ் அரசியலில் பேசப்பட்ட வழிகள் இவை:

* ஃபீஸ் என்ற பெயரில்: நேரடியாக லஞ்சம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உறுப்பினர்களில் பலர் வக்கீல்கள் அல்லது வேறு தொழில் செய்பவர்கள். வக்கீல் ஃபீஸ், மக்கள் தொடர்பு வேலைக்கான கட்டணம் என்று கணக்கு எழுதிவிடலாம்.

* தேர்தல் நிதி என்ற பெயரில்: தேர்தலுக்குப் பல மாதம் இருக்கும்போதே 'தேர்தல் நன்கொடை' வந்து சேரும். அது உண்மையிலேயே தேர்தலுக்கா, இல்லை அடுத்த வாரம் வரப்போகும் வாக்கெடுப்புக்கா? யாராலும் நிரூபிக்க முடியாது.

* மிரட்டல் மசோதா: ஒரு தொழிலுக்குப் பாதிப்பு வரும்படி வேண்டுமென்றே ஒரு மசோதாவைத் தாக்கல் செய்வது. அந்தத் தொழில்காரர்கள் பதறியடித்துக்கொண்டு வருவார்கள். பணம் கைமாறும். மசோதா கமிட்டியிலேயே செத்துப்போகும். பணத்தை இழுத்துவரும் மசோதா என்பதால் அங்கே இதற்கு 'ஃபெட்சர்' மசோதா என்று தனிப்பெயரே இருந்தது.

* மலிவு விலையில் பங்கு: குதிரைப் பந்தய மைதானங்களுக்கு லைசென்ஸும் பந்தய நாட்களும் கொடுப்பது மாநில அரசு. அந்தக் கம்பெனிகளின் பங்குகள் அரசியல்வாதிகளுக்கு அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும்.

இதில் மூன்றாவது வழியைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். எந்தச் சட்டமும் நிறைவேறவில்லை. எந்த ஒப்பந்தமும் போடப்படவில்லை. ரெக்கார்டில் பார்த்தால் ஒரு மசோதா வந்தது, கைவிடப்பட்டது. அவ்வளவுதான். குற்றம் நடந்ததற்கான தடயமே இருக்காது.

எழுதியவருக்கு என்ன ஆனது?

சபையிலிருந்து யாரும் அவரைத் தூக்கி எறியவில்லை. ஒதுக்கி வைத்தார்கள். சக உறுப்பினர்கள் கிண்டலாக அவருக்கு 'பெனடிக்ட் அர்னால்ட் விருது' கொடுத்தார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டிஷ் பக்கம் தாவிய தளபதிதான் இந்த அர்னால்ட். நம்ம ஊரில் ஒருவரை 'எட்டப்பன்' என்று சொன்னால் என்ன அர்த்தமோ, அங்கே அதுதான் அர்த்தம்.

லஞ்சம் வாங்கியவர் துரோகி இல்லை, அதை வெளியே சொன்னவர்தான் துரோகி. அந்தச் சபையின் மனநிலை அப்படி இருந்தது.

மசோதா நிறைவேற சக உறுப்பினர்களின் ஓட்டு வேண்டும். கமிட்டியில் இடம் வேண்டுமென்றால் கட்சித் தலைமையின் தயவு வேண்டும். எல்லோரையும் பகைத்துக்கொண்டால் தொகுதிக்கு என்ன செய்ய முடியும்? ஊழலை எதிர்க்கும் எந்த இளம் அரசியல்வாதியும் சந்திக்கும் நெருக்கடி இதுதான். நிறைய பேர் வாயை மூடிக்கொள்வதற்கும் இதுதான் காரணம்.

அப்படியிருந்தும் சைமனின் தொகுதி மக்கள் அவரைக் கைவிடவில்லை. 1966-ல் மறுபடியும் செனட்டுக்குத் தேர்வானார்.

ஷூ பாக்ஸில் 8 லட்சம் டாலர்

சைமன் கட்டுரை வெளியான இரண்டே மாதத்தில் மாநிலத்தில் தேர்தல் நடந்தது. அதில் 'மாநிலச் செயலாளர்' பதவிக்கு ஜெயித்தவர் பால் பவல். பல ஆண்டு எம்.எல்.ஏ, சபாநாயகராகவும் இருந்தவர், சைமனின் அதே கட்சிக்காரர். பெயரும் அதே 'பால்'. ஆனால் அரசியல் நேர் எதிர்.

இல்லினாய்ஸில் மாநிலச் செயலாளர் என்றால் வண்டி நம்பர் பிளேட், டிரைவிங் லைசென்ஸ் எல்லாம் அவர் கையில். நம்ம ஊர் ஆர்.டி.ஓ ஆபீஸ்கள் அத்தனைக்கும் ஒரே தலைவர், அதுவும் மக்கள் ஓட்டுப் போட்டு வந்தவர் என்று வைத்துக்கொள்ளலாம்.

1970 அக்டோபரில் பதவியில் இருக்கும்போதே பவல் இறந்தார். சில வாரங்கள் கழித்து ஒரு தகவல் வெளியே கசிந்தது. ஸ்பிரிங்ஃபீல்டில் அவர் தங்கியிருந்த ஹோட்டல் அறையின் அலமாரியில் ஷூ பாக்ஸ், சூட்கேஸ், இரும்புப் பெட்டி என்று கட்டுக்கட்டாகப் பணம். அலுவலகத்தில் இருந்ததையும் சேர்த்தால் சுமார் 8 லட்சம் டாலர். எல்லாமே ரொக்கம். கூடவே 49 பெட்டி விஸ்கி, 14 டிரான்சிஸ்டர் ரேடியோ!

அவருடைய ஆண்டுச் சம்பளம் ஒருபோதும் 30,000 டாலரைத் தாண்டியதில்லை. அப்படியென்றால் ஒரு டாலர்கூடச் செலவழிக்காமல் 26 ஆண்டுகள் சேர்த்திருந்தால்தான் அந்தத் தொகை வரும். ரொக்கம் தவிர குதிரைப் பந்தயக் கம்பெனிப் பங்குகளும் அவர் சொத்தில் ஏராளமாக இருந்தன.

அடுத்த அதிர்ச்சி 1973-ல். சைமன் கட்டுரை எழுதியபோது ஆளுநராக இருந்த ஓட்டோ கெர்னர், குதிரைப் பந்தயப் பங்குகளை மலிவு விலைக்கு வாங்கிய வழக்கில் குற்றவாளி என்று தீர்ப்பானது. 3 ஆண்டு சிறை. அமெரிக்காவில் ஆளுநர் என்றால் நம்ம ஊர் முதல்வர் மாதிரி, மாநில நிர்வாகத்தின் தலைவர். அவ்வளவு உயரத்தில் இருந்தவரே சிக்கினார்.

நேர்மைக்கு ஓட்டு விழுந்ததா?

விழுந்தது, ஆனால் எப்போதும் இல்லை. 1968 தேர்தலில் ஆளுநராக எதிர்க்கட்சியான குடியரசுக் கட்சியின் ரிச்சர்ட் ஓகில்வி ஜெயித்தார். துணை ஆளுநராக ஜனநாயகக் கட்சியின் சைமன் ஜெயித்தார். ஆளுநர் ஒரு கட்சி, துணை ஆளுநர் வேறு கட்சி என்பது அந்த மாநிலத்தில் அதுதான் முதல்முறை. அதிகாரம் பெரிதாக இல்லாத அந்தப் பதவியை, மக்களின் புகார்களைக் கேட்டு அரசுத் துறைகளிடம் கொண்டுபோகும் இடமாக மாற்றினார் சைமன்.

1972-ல் ஆளுநர் வேட்பாளர் ஆக முயன்றபோதுதான் அடி விழுந்தது. சிகாகோ மேயர் ரிச்சர்ட் டேலியின் கட்சி அமைப்பு அன்றைக்கு மாநில அரசியலையே ஆட்டிவைத்தது. அந்த அமைப்பின் ஆதரவை சைமன் ஏற்றுக்கொண்டார். எதிராக நின்ற டான் வாக்கர் மாநிலம் முழுக்க நடைப்பயணம் போனார். 'நான் டேலி கூட்டத்துக்கு எதிரானவன்' என்று பேசினார். ஊழலை எதிர்த்தே பெயர் வாங்கிய சைமன், 'கட்சி இயந்திரத்தின் ஆள்' என்ற முத்திரையோடு உட்கட்சித் தேர்தலில் குறைந்த வித்தியாசத்தில் தோற்றார்.

இதில் ஒரு வேடிக்கை. சுத்தமானவர் என்று சொல்லி ஜெயித்த வாக்கர், பதவி முடிந்து பல ஆண்டுகள் கழித்து 1987-ல் வங்கி மோசடி வழக்கில் தண்டிக்கப்பட்டு, சிறைக்குப் போனார்.

லஞ்சத்தின் விலை: 6 குழந்தைகள்

'அரசியல்வாதி காசு வாங்கினால் எனக்கென்ன?' என்று கேட்பவர்களுக்கு இல்லினாய்ஸில் ஒரு பதில் இருக்கிறது.

1994 நவம்பரில், பக்கத்து மாநிலமான விஸ்கான்சினில் நெடுஞ்சாலையில் போன ஒரு லாரியிலிருந்து உலோகப் பாகம் ஒன்று கழன்று விழுந்தது. பின்னால் வந்த வேனின் பெட்ரோல் டேங்க்கை அது கிழித்தது. வேன் தீப்பிடித்தது. ஒரே குடும்பத்தைச் சேர்ந்த 6 குழந்தைகள் உயிரிழந்தார்கள்.

லாரி டிரைவர் லைசென்ஸ் வாங்கியது இல்லினாய்ஸில், லஞ்சம் கொடுத்து. விசாரணையில் தெரிந்தது இது: மாநிலச் செயலாளர் அலுவலக ஊழியர்கள் சிலர் பணம் வாங்கிக்கொண்டு லைசென்ஸ் கொடுத்தார்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி, அவர்களின் பாஸ் ஜார்ஜ் ரயனின் தேர்தல் நிதிக்குப் போனது. நிதி திரட்டும் டிக்கெட்டுகளை விற்றுத் தர வேண்டும் என்று ஊழியர்களுக்கு நெருக்கடி இருந்தது.

ஷூ பாக்ஸ் பவல் உட்கார்ந்திருந்த அதே பதவியில் அப்போது இருந்தவர்தான் ரயன். பிறகு ஆளுநரும் ஆனார். இந்த விசாரணையில் 70-க்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டார்கள். 2006-ல் ரயனும் குற்றவாளி எனத் தீர்ப்பானது. ஆறரை ஆண்டு சிறை.

'தேர்தல் நன்கொடை' என்ற போர்வையில் லஞ்சம் ஓடுகிறது என்று சைமன் எழுதி 30 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓட்டை அடைக்கப்படவில்லை. அதன் விலையைக் கொடுத்தது அரசியலுக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு குடும்பம்.

இவர்களைப் பிடித்தது யார்?

கெர்னர், ரயன், பிளாகோயேவிச், மடிகன். இந்த நான்கு வழக்கையும் நடத்தியது மாநில அரசின் போலீஸோ வழக்கறிஞரோ இல்லை. மத்திய அரசின் வழக்கறிஞர்கள். காரணம் எளிது. மாநிலத்தில் விசாரிக்கும் அதிகாரிக்கு பட்ஜெட், பதவி எல்லாமே விசாரிக்கப்பட வேண்டியவர்களின் கையில் இருக்கும். மத்திய வழக்கறிஞருக்கு அந்தக் கவலை இல்லை.

எம்.எல்.ஏ ஒருவர் கட்டுரை எழுதினால் யாரும் உடனே ஜெயிலுக்குப் போய்விட மாட்டார்கள். விசாரிக்க அதிகாரம் உள்ள, பயப்படத் தேவையில்லாத ஓர் அமைப்பும் வேண்டும். பிளாகோயேவிச் வழக்கில் எஃப்.பி.ஐ அவரது போனையே ஒட்டுக்கேட்டது. அதிபராகத் தேர்வான ஒபாமா காலி செய்த செனட் சீட்டை விலை பேச முயன்றார் என்பது குற்றச்சாட்டு. அவர் கைதான நாள் 2008 டிசம்பர் 9. சரியாக 5 ஆண்டுகளுக்கு முன் அதே டிசம்பர் 9-ல்தான் சைமன் காலமானார்.

அப்போ சைமன் சாதித்தது என்ன?

அமெரிக்க நாடாளுமன்றத்தில் கீழவை, செனட் என இரண்டிலும் சேர்த்து 22 ஆண்டுகள் இருந்தார். 1988-ல் அதிபர் வேட்பாளர் போட்டியிலும் இறங்கிப் பார்த்தார். ஆனால் மாநில ஊழலுக்கு எதிராக அவர் விட்டுச்சென்றவை வேறு.

* முன்னுதாரணம்: யாரும் கேட்காமலே தன் வருமானத்தை ஆண்டுதோறும் வெளியிட்டார். அவர் செய்ததைக் காட்டி மற்றவர்களையும் கேள்வி கேட்க முடிந்தது.

* கண்காணிக்கும் கண்கள்: 1972-ல் தோற்றதும் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள பல்கலைக்கழகத்தில் ஒரு படிப்பைத் தொடங்கினார். மாநில அரசை எப்படிச் செய்தியாக்குவது என்று இளம் பத்திரிகையாளர்களுக்குச் சொல்லித்தரும் படிப்பு. மாணவர்கள் சட்டமன்ற பிரஸ் ரூமிலேயே வேலை பார்த்துப் பழகுவார்கள்.

* சட்டம்: பதவியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, இரண்டு கட்சிகளிலிருந்தும் ஆட்களை உட்காரவைத்து ஒரு நெறிமுறைச் சட்டத்துக்கு வழி செய்தார். அந்தக் குழுவில் இருந்தவர்களில் ஒருவர், அப்போது புதிதாக மாநில செனட்டுக்கு வந்திருந்த பராக் ஒபாமா. 1998-ல் நிறைவேறிய அந்தச் சட்டம், அரசியல்வாதிகள் பரிசு வாங்குவதைக் கட்டுப்படுத்தியது. தேர்தல் நிதியைச் சொந்தச் செலவுக்கு எடுக்கத் தடை போட்டது. ஆமாம், அதுவரைக்கும் தேர்தல் நிதியில் சொந்தமாகக் கார் வாங்கினாலும் தப்பில்லை என்ற நிலைதான்!

அதிலும் ஓர் ஓட்டை வைத்தார்கள். ஏற்கெனவே சேர்த்து வைத்திருந்த நிதிக்கு விலக்கு கொடுத்தார்கள். பழைய ஆட்களுக்குச் சேதாரம் இல்லாமல்தான் சட்டம் நிறைவேறியது. ஒருவர் எவ்வளவு நன்கொடை தரலாம் என்ற உச்சவரம்பு வருவதற்கு பிளாகோயேவிச் கைதாக வேண்டியிருந்தது. 2009-ல் சட்டம் போட்டு, 2011-ல்தான் அமலுக்கு வந்தது.

மடிகன் வழக்கு சொல்வது என்ன?

சட்டம் வந்தபிறகு பணம் வேறு பாதையில் போனது. காம்எட் என்ற மின்சார நிறுவனம், சபாநாயகர் மடிகனின் ஆட்களுக்கு வேலை போட்டுக் கொடுத்தது. பலர் வேலைக்கே வராமல் சம்பளம் வாங்கினார்கள். பதிலுக்கு நிறுவனம் எதிர்பார்த்தது, தனக்குச் சாதகமான சட்டங்கள். நிறுவனம் 2020-ல் 20 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

1964-ல் வக்கீல் ஃபீஸ் என்று எழுதினார்கள். பிறகு வேலைவாய்ப்பு என்று எழுதினார்கள். கணக்கில் எழுதும் பெயர்தான் மாறியிருக்கிறது. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. பவல் பதவியில் இருக்கும்போதே இறந்தார், எந்தக் கோர்ட்டும் ஏறவில்லை. மடிகன் தன் 80 வயதைத் தாண்டியும் கோர்ட்டில் நின்று பதில் சொல்ல வேண்டியிருந்தது.

25 வயதில் சபைக்குத் தேர்வான சைமன், ஊழலை ஒழித்துவிட்டுத் திரும்பவில்லை. அது எந்த வழியாக ஓடுகிறது என்று பெயர் சொல்லி, எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்தார். அவர் தொடங்கிய படிப்பை முடித்தவர்கள் இன்றும் ஸ்பிரிங்ஃபீல்ட் பிரஸ் ரூமில் உட்கார்ந்து, யாருடைய மசோதா, யாருடைய பணம் என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.